ஏரிக்கு அந்தாண்ட

எங்கள் ஊரில் எல்லோரும் ஏரியைக் கரையில் நின்றுதான் பார்ப்பார்கள். கரை கிழக்கே இருக்கிறது. அதன்மேல் ஏறி மேற்கே பார்த்தால் முதலில் தண்ணீர், அதற்கப்பால் சீமைக்கருவேல மரங்களின் மங்கலான வரிசை, அதற்கும் மேலே அண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று அந்திப்பொழுதில் ஊரே கரைமேல் திரண்டு, உச்சியில் சுடர் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கண் தண்ணீரிலிருந்து நேராக மலைக்குத் தாவிவிடும். இடையில் கிடக்கும் மேற்கு ஓரம், நாங்கள் ‘அந்தாண்ட’ என்று சொல்லும் அந்த நிலம், யாருடைய பார்வையிலும் தங்குவதில்லை. என் அப்பா செய்த தவற்றை நினைக்கும்போதெல்லாம் ஊரின் இந்தப் பழக்கம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

ஊர், திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில், பேருந்துச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. பாதிப் பேர் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறார்கள். மீதிப் பேர் நகரத்து விடுதிகளிலும் வேங்கிக்கால் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள். அப்பா ஊராட்சி மன்றத் தலைவர். நல்ல தலைவர் என்று இன்றும் சொல்வேன். மேல்நிலைத் தொட்டி அவர் காலத்தில் வந்தது. காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை போட அவர் முனைந்தபோது சொந்தப் பங்காளிகளே எதிர்த்தார்கள். ஒற்றை ஆளாக நின்று போட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர் ஒருவர் தவறு செய்த கதையாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு துயரம் இருந்திருக்காது.

ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்து போவதற்கு, கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய தாழ்வான வாசல் உண்டு. அதைக் கோடி என்போம். ‘ஏரி கோடி போவுது’ என்பதுதான் எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லக்கூடிய மிக மகிழ்ச்சியான வாக்கியம். மழை பொய்த்துப் பல வருடங்கள் அந்த வாக்கியத்தை யாரும் சொல்லாமல் போனபோது, கிராம சபையில் அப்பா ஒரு யோசனையை முன்வைத்தார். கோடியை இரண்டு வரிக் கல் உயர்த்துவோம். பெய்யும் கொஞ்ச மழையாவது வழிந்து போகாமல் நிற்கட்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். கரைமேல் நின்று அளந்தார்கள், கரைமேல் நின்று கட்டினார்கள், கரைமேல் நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்கள்.

கரைப் பக்கம் ஏரி ஆழம். அந்தாண்ட நிலம் தட்டைப்போல மெல்ல மெல்ல ஏறுகிறது. கோடியில் ஒரு முழம் கூடினால் அங்கே தண்ணீர் வெகுதூரம் பின்னால் போய்ப் படுக்கும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்திருந்தால் போதும். அந்த ஓரத்தில்தான் ஊரின் கபர்ஸ்தான் இருந்தது. ஊரிலிருக்கும் முஸ்லிம் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தங்கள் மனிதர்களை அங்கேதான் அடக்கம் செய்து வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சாலையோரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் அவர் கையில் பழுது பார்க்கப்பட்டவைதான். அப்பாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்பா அவரைப் பாய் என்பார். அவர் அப்பாவைக் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் மரியாதையுமாகத் தலைவரே என்பார். எனக்கு அவர் பாய் மாமா. அவர் மனைவி, கோடி உயர்த்தப்படுவதற்கு முன்பே நோயில் இறந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மாமா கடைக்குத் திரும்பாமல் நேராக அந்தாண்ட போவார். மனைவியின் கபர்மேல் ஒரு மருதாணிச் செடி வைத்திருந்தார். அதற்குத் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார்.

பிறகு ஒரு கார்த்திகையில் மழை கொட்டியது. உயர்த்திய கோடிக்கும் மேலே ஏறித் தண்ணீர் வழிந்தது. பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுவந்து கோடியில் தூவினார்கள். கற்பூரம் எரிந்தது. ஆடு கட்டப்பட்டிருந்தது. அப்பாவின் கழுத்தில் மாலை விழுந்தது.

“தலைவரே, இன்னும் ரெண்டு வரி ஏத்தியிருந்தா கடலே இங்க வந்திருக்கும்” என்றார் ஒருவர்.

“வரட்டும்டா. உன் மல்லாட்டைக்கு உப்பு போட்டு அவிக்கற வேல மிச்சம்” என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பாய் மாமா வந்தார். லுங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது.

“தலைவரே, கொஞ்சம் அந்தாண்ட வந்து பாக்கறீங்களா?”

“இன்னா பாய், இப்பவா? ஆடு வெட்டப் போறாங்க.”

“கபர்ஸ்தான் உள்ள தண்ணி வந்துட்டுதுங்க.”

அப்பாவின் முகம் ஒரு கணம் மாறியதை அருகில் நின்ற நான் பார்த்தேன். உடனே அவர் மாமாவின் தோளில் கை வைத்தார். “புதுத் தண்ணி பாய். வடிஞ்சிடும். கொஞ்ச நாள்ல கம்மியாயிடும் பாரு.”

“சரிங்க தலைவரே” என்றார் மாமா. கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். யாரோ அவர் கையிலும் பிரசாதப் பொங்கலைத் தொன்னையில் கொடுத்தார்கள்.

மறுநாள் நான் அவரோடு போனேன். முள்வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். உள்ளே எல்லாம் ஒரே தண்ணீர்ப் பரப்பு. ஓரிடத்தில் மட்டும் மருதாணியின் தலைப்பு இலைகள் மேலே தெரிந்தன. “கல்யாணம் ஆன புதுசுல இருந்தே கை நெறைய வெச்சிக்குவா” என்றார். வார்னிஷ் கறை படிந்த விரலால் அந்த இலைகளைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் கம்மியாகவில்லை. கம்மியாகக் கூடாது என்பதற்காகத்தானே கோடியை உயர்த்தியது. பங்குனிவரை நின்றது. மருதாணி அழுகிப் போனது.

ஒருநாள் பகலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று, “அந்தாண்ட நான் போய்ப் பாத்திருக்கணும்” என்றார். அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இத எங்கிட்ட சொல்லி இன்னா? பாய்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

“தேர்தல் முடியட்டும். இப்ப வாயத் தொறந்தேன்னா, தலைவரே தப்புனு ஒத்துக்கிட்டாருனு எதுத்து நிக்கறவன் போஸ்டர் அடிச்சி ஒட்டிடுவான்.”

உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அப்பாவின் ‘முடியட்டும்’ என்ற சொல்லும் அதனோடு சேர்ந்து நீண்டது. இடையில் பதவியும் இல்லை, அதிகாரியின் கையில் இருந்தது நிர்வாகம். அப்போதும் அப்பாவுக்கு ஒரு காரணம் கிடைத்தது: நான் இப்போது யார், எதைச் சொல்லி என்ன ஆகும்? மாமா மட்டும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். கோடியை இடிக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “ஒரு தடவை அந்தாண்ட வந்து பாருங்க தலைவரே” என்பார். அவ்வளவுதான். வந்து பார்த்தால் மற்றது தானாக நடக்கும் என்று நம்பினாரோ, அல்லது வந்து பார்ப்பதே போதும் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை என்னிடமும் என் அம்மாவிடமும் சொல்லியிருந்தார். தன் காலம் முடியும்போது மனைவியின் பக்கத்தில் காய்ந்த மண்ணில் தன்னைப் படுக்க வைக்க வேண்டும்.

ஒருவழியாகத் தேர்தல் வந்தது. அப்பாவை எதிர்த்து நின்றவர் வீடு வீடாகக் கோடியைப் பற்றித்தான் பேசினார். என்ன பேசினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வரி போதாது, தன்னை ஜெயிக்க வைத்தால் மூன்றாவது வரியும் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்தார். அப்பாவோ இருக்கும் இரண்டு வரியைக் காப்பாற்றுவேன் என்றார். ஊர் இரண்டாகப் பிரிந்து இதை விவாதித்தது. அந்தாண்ட என்ற சொல் எந்த மேடையிலும் எழவில்லை.

அப்பா பெரிய வித்தியாசத்தில் வென்றார். மேளமும் வெடியுமாக ஊர்வலம் சாலைக்கு வந்தபோது மாமாவின் கடை முன்னால் நின்றது. மாமா வெளியே வந்து அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார். வாயில் சர்க்கரை போட்டார். பிறகு காதருகே குனிந்து, “இப்ப வந்து பாக்கலாமா தலைவரே?” என்றார்.

மாலைகளின் நடுவே அப்பாவின் முகம் வியர்த்திருந்தது. அவர் குரலை உயர்த்தியது கோபத்தால் அல்ல, வெடிச் சத்தத்தால் என்றே நினைக்க விரும்புகிறேன்.

“பாய், கோடியப் பத்தி ஊரு பூரா பேசியாச்சு. ஜனங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. நான் பண்ணது தப்புனா என்னைத் தோக்கடிச்சிருப்பாங்க இல்ல?”

“நியாயந்தாங்க.”

“நீயும் எனக்குத்தான போட்ட?”

“ஒங்களுக்குத்தான் குத்தனேன் தலைவரே. ஒருத்தர் ரெண்டு வரின்றார், ஒருத்தர் மூணு வரின்றார். நான் வேற எங்க போயி குத்தறது?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதற்குள் மேளம் மறுபடி எழுந்தது, ஊர்வலம் நகர்ந்தது.

அன்று மாலை நான் அப்பாவிடம் பேசினேன். அரசியல் அறிவியல் படித்துவிட்டு நகரத்துக் கல்லூரி ஒன்றில் அப்போதுதான் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தேன். வாக்குச் சீட்டில் இல்லாத ஒரு கேள்விக்கு வாக்குகள் எப்படிப் பதிலாகும் என்று கேட்டேன். பாதிக்கப்பட்டவர்கள் சிலராக இருக்கும்போது பலரின் வாக்கு அவர்கள் சார்பில் எதையும் மன்னித்துவிட முடியாது என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“கடைமடையில ஒரு கிழவிக்கு ஒன்றரைக் காணி. பத்து வருஷம் கரம்பாக் கெடந்தது. இப்ப ரெண்டாம் போகம் வெக்கிறா. கோடியக் கொறச்சா அவ வயலுக்குத் தண்ணி போவாது. அவ கண்ணப் பாத்து நீ சொல்றியாம்மா?”

தராசின் ஒரு தட்டில் உயிரோடிருப்பவர்களின் சோறு; மறு தட்டில் இறந்தவர்களின் இடம். கோடியைக் குறைப்பதுதான் நியாயம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தாண்ட போய் நின்று, “பார்க்காமல் செய்துவிட்டேன், அது என் பிழை” என்று சொல்ல யாருடைய வயலும் காய வேண்டியதில்லையே என்று மட்டும் சொன்னேன்.

“ரோட்டோரமா அவங்களுக்கு வேற எடம் எழுதிக் குடுத்துடறேன்” என்றார் அப்பா. சொன்னபடி அதற்கான வேலையையும் தொடங்கினார். செய்தியைக் கேட்ட மாமா நன்றி சொன்னார். “இனிமே போறவங்களுக்கு எடம் ஆச்சு தலைவரே. முன்னாடி போனவங்கள எழுப்பிக் கூட்டிட்டு வர எங்களுக்கு அனுமதி இல்லியே” என்றார். அவருக்கு வேண்டியது புதிய இடத்தில் இல்லை.

தேர்தலுக்குப் பின் வந்த மழைகளில் ஒன்றில் மாமாவுக்கு இதயம் பழுதானது. நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். கல்லூரி முடிந்து ஒரு நண்பகலில் போய்ப் பார்த்தேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அங்கிருந்தும் மலை தெரிந்தது, மேகம் மூடி.

“ஏரி எவ்ளோம்மா இருக்குது?” என்றார்.

“ரொம்பிடுச்சு மாமா. கோடி போவுது.”

பழக்கதோஷம். ஊரில் எவர் கேட்டாலும் அந்த வாக்கியத்தை எந்தக் குரலில் சொல்வோமோ, அதே குரலில் சொல்லிவிட்டேன்.

“அப்ப டவுன்லதான்” என்றார்.

டவுனில்தான். மார்கழி பிறந்ததும் அவர் இறந்தார். ஏரி அப்போதும் ததும்பிக்கொண்டிருந்தது. சாலையோர இடத்துக்கு இன்னும் உத்தரவு வந்திருக்கவில்லை. மகன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நகரத்துக் கபர்ஸ்தானில் ஏற்பாடு செய்தார். அப்பா செய்தி கேட்டதும் செருப்பில்லாமல் ஓடினார் என்று அம்மா சொன்னார். கடைத்தெரு வழியாக ஜனாஸா ஊர்வலம் போனபோது சந்தூக்குப் பெட்டியின் ஒரு முனை அப்பாவின் தோளில் இருந்ததை நான் மருந்துக்கடை வாசலிலிருந்து பார்த்தேன். வேறு தோள்கள் மாற்றிக்கொள்ள வந்தபோதும் அவர் விடவில்லை.

அடுத்த வாரம் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். “அந்தாண்ட போலாமா?”

கரையைச் சுற்றிப் போக வெகுநேரம் ஆயிற்று. முட்செடிகளை விலக்கி முன்னால் நடந்தது நான். தண்ணீரின் விளிம்பில் வேலிக்கற்களின் தலைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் எதிரே எங்கள் கரை, ஒரு கோடுபோல, மிகத் தாழ்வாகத் தெரிந்தது. அதன்மேல் யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். இங்கே நின்றால் மலை நம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்:

“எதும்மா அது?”

நான் அந்தப் பரப்பைப் பார்த்தேன். மருதாணி இலைகள் தெரிந்தபோது ஒரே ஒருமுறை வந்தவள் நான். வேலியிலிருந்து நாலடியா, பத்தடியா, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை.

“மாமாவுக்குத்தான் தெரியும்ப்பா” என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். தண்ணீரில் இறங்குவதற்குக் காலை எடுத்தவர், எங்கே மிதித்துவிடுவோமோ என்று பயந்து, எடுத்த காலை அப்படியே பின்வாங்கிக்கொண்டார்.

குடியரசு தினத்தன்று கிராம சபை கூடியது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வரவு செலவு வாசித்து முடிந்ததும் அப்பா எழுந்தார். என்ன பேசப் போகிறார் என்று வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

“கோடி ஏத்தனப்போ நான் அந்தாண்ட போய்ப் பாக்கல. அது என் தப்பு. ஒரு மனுசன் வருசா வருசம் வந்து கூப்ட்டான். நான் போவல. ஒரு வரிக் கல்லையாவது எடுத்துட்டா…”

“விடுங்க தலைவரே!” பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “தப்புனா ஒங்களத் தோக்கடிச்சிருக்க மாட்டமா?”

“அதான் திருப்பியும் ஒங்களையே ஒக்கார வெச்சமே, அப்புறம் இன்னா!”

யாரோ கைதட்டினார்கள். தட்டல் சாமியானா முழுக்கப் பரவியது. அவர்கள் அன்போடுதான் தட்டினார்கள். தங்கள் தலைவர் மனம் நோகக் கூடாது என்று தட்டினார்கள். அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஊர்வலத்தில் அவர் சொன்ன அதே சொற்கள் இப்போது அவரையே பேசவிடாமல் செய்தன. சத்தம் அடங்கியதும், ஒரு வரியைக் குறைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். அம்மா தூக்கினார். நான் தூக்கினேன். இன்னும் சில கைகள். கடைமடைக் கிழவி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரை என்னால் கோபிக்க முடியவில்லை. மன்னிப்பதற்கு உரிமையுள்ள ஒரே மனிதர் அந்தக் கூட்டத்தில் இல்லை; இருந்தவர்கள் எல்லோரும் அவருக்குப் பதிலாக மன்னித்துவிட்டார்கள்.

அப்பா உட்கார்ந்தார். செயலர் அடுத்த பொருளை வாசிக்கத் தொடங்கினார். கூட்டம் கலைந்து டீ வந்தபோது, ஏரிப் பாசன நிலமுள்ள ஆயக்கட்டுக்காரர் ஒருவர் கோப்பையோடு அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“கோடியில மேல் வரி சிமெண்ட் பேந்து கெடக்குது தலைவரே. அடுத்த மழைக்குள்ள பூசிடணும்.”

அப்பா சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் வாசலில், வாங்கிக்கொண்டு போக ஆள் வராத பழைய மோட்டார் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

“பூசிடலாம்” என்றார்.